நாக்கை அறுக்கும் கொடிகள்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லொவேனிய எல்லையை ஒட்டிய ஃபிரியூலி குன்றுகளில் தாட்சலெங்கே என்றொரு கருந்திராட்சை விளைகிறது. ஃபிரியூலிய மொழியில் இந்தப் பெயருக்கு ‘நாக்கை அறுப்பது’ என்று பொருள். பெயரில் மிகை எதுவும் இல்லை. இதன் புதிய ஒயினைக் குடித்தால் புளிப்பும் துவர்ப்பும் ஒன்றாக ஏறி, செங்காயான நாவற்பழத்தைக் கடித்ததுபோல் நாக்கு சுருண்டுகொள்ளும். அங்கிருந்து மேற்கே, பியாவே ஆற்றுப் படுகையில் விளையும் ரபோசோவின் பெயருக்குச் ‘சினம் கொண்டது’ என்று விளக்கம் சொல்வார்கள். பியட்மாண்டின் கிரின்யொலீனோவுக்குப் பெயர் தந்தது, அஸ்தி வட்டாரப் பேச்சில் திராட்சை விதையைக் குறிக்கும் கிரின்யோலே என்ற சொல். அந்தப் பழத்தில் விதை அதிகம். வெஸ்போலினாவின் பெயருக்குள் குளவி இருக்கிறது, பழம் இனிக்கத் தொடங்கியதும் குளவிகள் மொய்ப்பதால். பின்யோலோ என்றால் பைன் மரக்காய்போல் இடைவெளியின்றிக் கட்டிய குலை. குரொப்பெல்லோ என்றால் முடிச்சு. ஆவோஸ்தா பள்ளத்தாக்கின் ஃபூமின், தோலின்மேல் புகை படிந்ததுபோன்ற சாம்பல் பூச்சால் அந்தப் பெயரைப் பெற்றது.

இந்தப் பெயர்களை வைத்தவர்கள் கொடி நட்டு, குலை அறுத்து, மிதித்து, குடித்த குடியானவர்கள். ஒயினைச் சுவைத்துக் குறிப்பெழுதும் பழக்கம் அச்சு நூல்களில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, வட இத்தாலியில் அந்தக் குறிப்பு ஒரே சொல்லாகச் சுருங்கிக் கொடியின் பெயராக நின்றுவிட்டது. இந்தத் திராட்சைகளின் வரலாற்றைத் தொடங்க இதைவிட நம்பகமான இடம் வேறில்லை.

தமிழில் இதைப் பேசுவது ஒரு வகையில் எளிது. சிவப்பு ஒயினின் உயிர்நாடி துவர்ப்பு. அது தோலிலிருந்தும் விதையிலிருந்தும் காம்பிலிருந்தும் இறங்குவது. ஐரோப்பிய அறிவியல் இதைச் சுவையாகக் கணக்கிடாமல், உமிழ்நீரிலுள்ள புரதங்கள் திரண்டு படிவதால் வாயில் ஏற்படும் தொடு உணர்வு என்று தனியே வைக்கிறது. அறுசுவையில் துவர்ப்புக்கு இடம் கொடுத்திருக்கும் மொழிக்கு அந்தத் தயக்கம் இல்லை. பாக்கு, நெல்லி, வாழைப்பூ ஆகியவற்றைப் பழகிய நாக்குக்குத் தாட்சலெங்கேயின் குணம் உடனே புரியும்.

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தென் சரிவில் மேற்கே ஆவோஸ்தாவிலிருந்து கிழக்கே ஃபிரியூலி வரையுள்ள நிலம், ஒன்றோடொன்று எளிதில் பேசிக்கொள்ள முடியாத பள்ளத்தாக்குகளால் ஆனது. அதை ஆண்டவர்களும் பலர். மேற்கே சவோய் அரச குடும்பம், நடுவே மிலான், கிழக்கே வெனிஸ் குடியரசு, வடக்கே தீரோல் கோமகன்கள். இத்தாலி ஒரே நாடானது 1861இல்தான். வெனெட்டோவும் ஃபிரியூலியின் பெரும்பகுதியும் 1866இல் சேர்ந்தன. திரெந்தினோவும் தென் தீரோலும் முதல் உலகப்போருக்குப் பிறகே வந்தன. சந்தைகள் பிரிந்து கிடந்ததால் கொடிகளும் பிரிந்தே வளர்ந்தன. மலையின் ஒரு பக்கத்தில் பேர்பெற்ற திராட்சையை மறுபக்கத்துக்காரர் கேள்விப்பட்டதே இல்லை என்ற நிலை இன்றுகூட முற்றாக மாறவில்லை.

விவசாயத்தின் அமைப்பும் இந்தப் பன்மையைக் காத்தது. போ ஆற்றுச் சமவெளியிலும் வெனெட்டோவிலும் நிலவுடைமையாளருக்கு விளைச்சலில் பாதியைக் கொடுக்கும் வாரக் குடிகள் திராட்சையைத் தனித் தோட்டமாக வைக்கவில்லை. அகத்தியில் வெற்றிலைக்கொடியை ஏற்றுவதுபோல, மேப்பிள், எல்ம், முசுக்கொட்டை மரங்களில் கொடியை ஏற்றி, மர வரிசைகளுக்கு இடையே கோதுமையும் மக்காச்சோளமும் விதைத்தார்கள். மரம் விறகுக்கும் தீவனத்துக்கும் உதவியது, முசுக்கொட்டை இலை பட்டுப்புழுவுக்குப் போனது. ஒரே வரிசையில் ஏழெட்டு வகைத் திராட்சைகள் கலந்து நின்றன. ஒன்று பனியில் கருகினால் இன்னொன்று பிழைக்கும். ஒன்று சீக்கிரம் பழுக்கும், மற்றொன்று ஆலங்கட்டி மழைக்குப் பிறகும் நிற்கும். 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் வட இத்தாலி முழுவதும் கொடிகள் பட்டுப்போனபோது, மீண்டும் நட்டவர்களுக்கு இந்தக் கலப்புதான் கைகொடுத்தது. ஒயின் அங்கே ஆடம்பரப் பொருள் அல்ல. கூலியில் ஒரு பங்கு, கஞ்சிக்குத் துணை.

எழுத்தில் இந்தப் பெயர்கள் சிதறியே தென்படுகின்றன. பொலோன்யாவின் சட்ட அறிஞர் பியெத்ரோ தே கிரெஷென்ஸி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய வேளாண் நூலில் நெபியோலோ உள்ளிட்ட பல வகைகளைப் பேசுகிறார். ஃபிரெய்சா 1517இல் பியட்மாண்டின் பங்கலியேரி ஊர் சுங்கப் பதிவில் வருகிறது. வரி வாங்குபவர் பெயரைத் தனியாக எழுதிவைத்தார் என்றால் அந்த ஒயினுக்குத் தனி மதிப்பு இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

முறையான பட்டியல்கள் 19ஆம் நூற்றாண்டில் வந்தன. ஜார்ஜோ கல்லெசியோ 1817 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட இத்தாலியப் பழநூல், திராட்சை வகைகளை வண்ணப் படங்களோடு வர்ணித்தது. பியட்மாண்டின் ஜுசெப்பே தி ரொவசெந்தா பிரபு, சலூட்சோ அருகே வெர்சுவோலோவில் உலகெங்குமிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கொடிகளைத் திரட்டி வளர்த்து, 1877இல் அவற்றின் அகரவரிசையை அச்சிட்டார். அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த சான் மிக்கேலே அல்லாடிஜேயில் 1874இல் எட்மண்ட் மாக் தலைமையில் ஒரு வேளாண் பள்ளி திறக்கப்பட்டது. இத்தாலிய மண்ணின் முதல் ஒயின் பள்ளி 1876இல் கொனெல்யானோவில் தொடங்கியது.

பட்டியல் போட்டவர்களைத் திணறவைத்ததும் பெயர்களே. ஒல்த்ரெப்போ பவேசேயில் போனார்தா என்று ஊற்றிக் கொடுப்பது உண்மையில் குரொவாத்தீனா. நோவாரா பக்கம் போனார்தா என்பது ஊவா ராரா. பியட்மாண்டில் அசல் போனார்தா இவை இரண்டுமல்லாத மூன்றாவது கொடி. ஃபிரியூலியில் ரெஃபோஸ்கோ என்ற ஒரே பெயரை ஒரு கூட்டமே பங்கிட்டுக்கொண்டதால், அதில் சிறந்ததைக் காம்பின் நிறத்தால் பிரித்து ‘சிவப்புக் காம்பு ரெஃபோஸ்கோ’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. சுவையைச் சொல்ல ஒரு வட்டாரத்துக்குப் போதுமாக இருந்த சொல், அடையாளம் சொல்ல நாட்டுக்குப் போதவில்லை.

அந்தப் பட்டியல்களின் மை உலர்வதற்குள் நோய்கள் வந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் நோய் 1850களில் பரவியது. கந்தகத் தூள் தூவி அதை அடக்கினார்கள். அடிச்சாம்பல் நோய்க்கு 1880களில் செம்புத் துருசும் சுண்ணாம்பும் கலந்த கரைசல் மருந்தானது. வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சிக்கு மட்டும் மருந்தில்லை. அது இத்தாலியில் முதன்முதலில் 1879இல் கோமோ ஏரிப் பக்கம் வல்மத்ரேராவில் கண்டறியப்பட்டது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே ஒரே வழி. அதாவது, எல்லாத் தோட்டங்களையும் பிடுங்கி, மறுபடி நட வேண்டும்.

அந்த மறுநடவில்தான் பல வகைகள் வாழ்விழந்தன. ஒட்டுக்கன்றுக்குக் காசு வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவர் நிறையக் காய்ப்பதை, நிச்சயமாகப் பழுப்பதை, வியாபாரி பெயர் தெரிந்து கேட்பதை வாங்கினார். வடகிழக்கில் மெர்லோவும் கபெர்னேயும் நுழைந்தன. பியட்மாண்டில் பார்பெரா பரந்தது. ஒட்டுக்கன்று வாங்க முடியாத ஏழைகள் இசபெல்லா போன்ற அமெரிக்கக் கொடிகளை நேரடியாக நட்டு, அவற்றின் செம்புற்றுப்பழ வாசனைக்குப் பழகிக்கொண்டார்கள். பிறகு முதல் உலகப்போரின் முனை ஃபிரியூலி குன்றுகள் மேலேயே ஓடியது. இரண்டாம் போருக்குப் பின் தூரின், மிலான் ஆலைகள் குன்றுகளின் இளைஞர்களை இழுத்துக்கொண்டன. செங்குத்தான சரிவில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் காசு பார்க்கும் ஒரு துவர்ப்பு ஒயினுக்காகக் குனிந்து நிற்க யாருமில்லை.

கடைசி அடி சட்டத்திலிருந்து வந்தது. 1963ஆம் ஆண்டின் ஆணை ஒயின்களுக்கு இடப்பெயர் உரிமையைக் கொண்டுவந்தது. கலப்படத்தை ஒழிக்கும் நல்ல நோக்கம் அதற்கு இருந்தது. அடுத்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் விதிப்படி, ஒவ்வொரு மாகாணத்திலும் நடத் தகுந்தவை, நட அனுமதிக்கப்பட்டவை என்று பட்டியல்கள் வந்தன. பட்டியலில் இல்லாத கொடியைப் புதிதாக நடுவது குற்றம். எழுதிக்கொடுத்தவர்கள் அப்போது பரவலாக நின்ற வகைகளை எழுதினார்கள். அழிவின் விளிம்பில் இருந்தவை அதனாலேயே பட்டியலுக்கு வெளியே போயின. வெளியே போனதால் காப்பாற்றுவதும் சட்டவிரோதமாயிற்று.

ஸ்கியொப்பெட்டீனோவின் கதை இங்கே தொடங்குகிறது. அதன் ஊர் ப்ரெபோத்தோ. ஊரை ஒட்டி ஓடும் யூத்ரியோ ஆறு 1866 முதல் முதல் உலகப்போர் வரை இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லையாக இருந்தது. உள்ளூரில் இந்தக் கொடிக்கு ரிபோல்லா நேரா என்றும் பெயர். ஸ்கியொப்பெட்டீனோ என்ற பெயர் ‘படபடவென்று வெடிப்பது’ என்ற பொருளில் வந்தது. பற்களுக்கு இடையே தடித்த தோல் வெடிப்பதாலா, பழைய ஒயினில் எஞ்சிய நுரையாலா என்று இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டுமே வாய்க்குள் நடப்பதைத்தான் சொல்கின்றன.

1970இல் பாவ்லோ ரபூட்சி, தீனா ரபூட்சி என்ற தம்பதியர் ப்ரெபோத்தோ ஊராட்சியின் சியல்லா பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட நிலத்தை வாங்கினார்கள். எல்லோரும் மெர்லோவும் கபெர்னேயும் நட்டுக்கொண்டிருந்த காலத்தில், இந்த மண்ணுக்குரிய கொடிகளை மட்டுமே நடுவது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். முதியவர்கள் பேச்சில் ஸ்கியொப்பெட்டீனோ இருந்தது, தோட்டங்களில் இல்லை. ஊர் ஊராக, வீட்டுக் கொல்லை, பழைய வரிசைகளின் கடைசி என்று தேடி, நூறுக்கும் குறைவான கொடிகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றிலிருந்து போத்துகள் எடுத்து ஒட்டுக்கட்டி நட்டார்கள். பட்டியலில் இல்லாத வகை அது. அபராதத்துக்கு உரிய செயல்.

அவர்களுக்குத் துணை வந்தது ஒரு சாராய வடிசாலை. பெர்கோத்தோ ஊரின் நொனீனோ குடும்பம், ஒயின் பிழிந்த சக்கையைக் காய்ச்சி வடிக்கும் கிராப்பாவுக்குப் பேர்பெற்றது. 1973இல் பிகோலித் என்ற ஒரே வகைத் திராட்சையின் சக்கையை மட்டும் தனியாக வடித்து அவர்கள் வெற்றி கண்டிருந்தார்கள். அடுத்து ஸ்கியொப்பெட்டீனோ, பின்யோலோ, தாட்சலெங்கே ஆகியவற்றின் சக்கை வேண்டுமென்று தேடியபோது, அந்தக் கொடிகளே போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. 1975இல் ‘ரிசித் தவுர்’ என்ற பரிசை ஏற்படுத்தினார்கள். ஃபிரியூலிய மொழியில் அதற்குத் தங்க வேர்க்கன்று என்று பொருள். சட்டம் நட வேண்டாம் என்று சொன்ன கொடிகளை நடுகிறவருக்குப் பரிசு. அரசு அலுவலர்களுக்கு அந்தப் பரிசளிப்பு விழா எத்தனை சங்கடமாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ரபூட்சி தம்பதியர் முதல் பரிசு பெற்றவர்களில் அடங்குவர். அடுத்த சில ஆண்டுகளில் பட்டியல் திருத்தப்பட்டது. சியல்லாவின் முதல் ஸ்கியொப்பெட்டீனோ 1977ஆம் ஆண்டின் அறுவடை.

அந்த ஒயினின் குணம் மிளகு. நிறம் ஆழமாக இருந்தாலும் உடல் மெலிந்தது. கருநாவல் நிறம், புளிப்பு தெளிவு, அதன்மேல் அப்போதுதான் இடித்த மிளகின் மணம். உவமையாக மட்டும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ் திராட்சையின் மிளகு மணத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற சேர்மம் என்று கண்டார்கள். கருமிளகின் மணத்துக்கும் அதுவே காரணம். 2011இல் சான் மிக்கேலே ஆய்வு நிலையத்தார் அதை ஸ்கியொப்பெட்டீனோவிலும் வெஸ்போலினாவிலும் கணிசமான அளவில் கண்டுபிடித்தார்கள். ஒரு லிட்டர் ஒயினில் ஒரு கிராமின் நூறு கோடிப் பங்கில் பதினாறு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டினாலும், அந்த மணமே படுவதில்லை. ஒரே மேசையில் ஒரே குப்பியிலிருந்து குடித்த இருவர் இந்த ஒயினைப் பற்றிச் சண்டை போட்டால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஃபிரியூலி 1420 முதல் 1797 வரை வெனிஸ் ஆட்சியில் இருந்தது. அந்த வெனிஸ் பணம் குவித்ததில் மலையாளக் கரையின் மிளகுக்குப் பெரிய பங்குண்டு. கடல் தாண்டிப் பொன் கொடுத்து வாங்கிய மணம், தலைநகருக்கு வடகிழக்கே ஒரு மலைக்கொடியின் தோலிலும் இருந்திருக்கிறது.

பின்யோலோவை மீட்டது ஒரு மடத்துச் சுவர். ரொசாட்சோ மடத்தின் அருகே எஞ்சியிருந்த சில முதிய கொடிகளிலிருந்து வால்த்தேர் ஃபிலிபூட்டி போன்றவர்கள் 1970களின் பிற்பகுதி தொடங்கிக் கன்றெடுத்தார்கள். குறைவாகக் காய்க்கும், சாம்பல் நோய்க்கு எளிதில் ஆட்படும் கொடி அது. குடியானவர்கள் அதைக் கைவிட்டதில் வியப்பில்லை. அதன் துவர்ப்பு தடித்தது, கிட்டத்தட்ட மெல்லக்கூடியது. மரப்பீப்பாயிலும் குப்பியிலுமாக நான்கைந்து ஆண்டுகளாவது கிடக்காமல் அது வாய் திறப்பதில்லை. தாட்சலெங்கே இன்றும் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய தோட்டங்களில் மட்டுமே நிற்கிறது. மூன்றில் அதற்குத்தான் மிகக் குறைந்த வெற்றி. பெயரே வாங்குகிறவரை எச்சரித்துவிடுகிறது.

மேற்கே பியட்மாண்டில் நிலைமை வேறு. அங்கே நெபியோலோ என்ற அரசன் பரோலோவிலும் பார்பரெஸ்கோவிலும் அமர்ந்திருந்தான். மற்றவை அவன் நிழலில் வளர்ந்தன. அந்த நிழலில் இருந்த ஃபிரெய்சா, நெபியோலோவுக்கு நேரடி இரத்த உறவு என்று 2004இல் மரபணு ஆய்வு சொன்னது. தாய்-பிள்ளை உறவு என்பது உறுதி; எது தாய், எது பிள்ளை என்பதில்தான் இழுபறி. பழைய பாணி ஃபிரெய்சா சற்று இனிப்போடு, நாக்கில் நுரைத்துக்கொண்டு, அடியில் ஒரு கசப்போடு இருக்கும். வெளிநாட்டு விமர்சகர்கள் இந்த முரணைக் குறையென்றார்கள். கொழுத்த சலாமித் துண்டோடு குடிக்கும் ஊர்க்காரருக்கு நுரையும் கசப்பும் வாயைக் கழுவும் கருவிகள். தூரின் நகருக்குள்ளேயே, 17ஆம் நூற்றாண்டின் வில்லா தெல்லா ரெஜீனா அரண்மனைக்குப் பக்கத்தில், ஒரு ஹெக்டேருக்கும் குறைவான ஃபிரெய்சாத் தோட்டம் இந்த நூற்றாண்டில் மறுபடி நடப்பட்டு ஒயின் தருகிறது.

கிரின்யொலீனோ கண்ணை ஏமாற்றும். வெளிறிய செம்பவள நிறம் பார்த்து இலேசான பானம் என்று எடுத்தால், விதைகளிலிருந்து இறங்கிய துவர்ப்பு பிடரியில் தட்டும். நிறத்தையும் வலுவையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில் சந்தையில் வேரூன்றியபோது மிக அதிகம் அடிபட்டது இதுதான். அதே மாநிலத்தின் வெர்துனோ ஊரில் விளையும் பெலவெர்காவும் வெளிறியது, அதில் வெண்மிளகு மணம்; அது ஊரைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை, 1995இல் தனி இடப்பெயர் பெற்றதோடு சரி.

ருக்கேவின் மறுவாழ்வுக்குக் காரணம் ஒரு பங்குத்தந்தை. ஜாக்கொமோ கவ்தா 1960களில் மொன்ஃபெராத்தோ குன்றுகளில் கஸ்தஞ்ஞோலே ஊருக்குப் பொறுப்பேற்றபோது, கோயில் நிலத்தில் பார்பெரா வரிசைகளுக்கு நடுவே சில ருக்கே கொடிகள் நின்றன. ஊரார் அதைத் திருநாளுக்கு மட்டும் கொஞ்சம் இனிப்பாகச் செய்துகொள்வது வழக்கம். பூசைக்கு அடுத்தபடி மண்வெட்டியைக் கையில் எடுத்த அந்தப் பாதிரியார் அதைத் தனியாக நட்டு, தனியாகப் பிழிந்து, இனிப்பில்லாத சிவப்பு ஒயினாகக் குப்பியில் அடைத்தார். ரோசாப்பூவும் வாசனைப் பொருள்களும் மணக்கும் சிவப்பு ஒயின்கள் மிகக் குறைவு. ருக்கே அதில் ஒன்று. மெல்லிய கசப்பில் முடியும். 1987இல் இடப்பெயர் உரிமையும் 2010இல் அதன் மேல்நிலைத் தகுதியும் வந்தன. ஏழு ஊர்களுக்கு மட்டுமே அந்தப் பெயரைப் போட உரிமை உண்டு.

இந்த இரண்டு ஆண்டுகளில் முதலாவதற்குச் சற்று முன்புதான் பியட்மாண்ட் தலைகுனிந்து நின்றது. 1986 வசந்தத்தில் மலிவு விலை ஒயினில் மெத்தனால் கலந்து விற்றதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் பார்வையிழந்தார்கள். ஏற்றுமதி சரிந்தது. பெயரில்லாமல் குடம் குடமாக விற்கும் வியாபாரம் நம்பிக்கை இழந்ததால், இன்ன தோட்டம், இன்ன கொடி என்று சொல்லி விற்கும் சிறிய உற்பத்தியாளருக்கு முதன்முறையாகக் காது கொடுக்கப்பட்டது.

அடிஜே ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொடிகள் சாகவில்லை, பெருத்துக் கெட்டன. திரெந்தினோவில் அடிஜேயும் நோச்சே ஆறும் சேரும் இடத்திலுள்ள ரொதலியானோ வயல், செங்குத்துப் பாறைகள் சூழ்ந்த கூழாங்கல் சமவெளி. தெரோல்தெகோவின் தாயகம் அதுதான். 1971இல் இடப்பெயர் பெற்றது. கூட்டுறவுச் சங்கங்கள் எடைக்கு விலை கொடுத்ததால், விவசாயிகள் பந்தலில் பெருங்குலை காய்க்கும் கிளைகளையே தேர்ந்து பெருக்கினார்கள். ஒயின் நீர்த்துப்போனது. தந்தையின் மறைவால் 1980களின் நடுவில் இளம் வயதிலேயே குடும்பத் தோட்டத்தைப் பொறுப்பேற்ற எலிசபெத்தா ஃபொரதோரி, முதிய கொடிகளில் சிறுகுலை காய்ப்பவற்றைத் தேடி எடுத்துப் பெருக்கினார். பிற்பாடு சுட்ட களிமண் தாழிகளிலும் நொதிக்கவைத்தார். கருஞ்சிவப்பு, காட்டுப்பழச் சாறு, புளிப்பில் நிமிர்வு, துவர்ப்பில் மென்மை. இந்தப் பக்கத்துச் சிவப்பு ஒயின்களைப் பழகத் தொடங்குபவருக்கு இதைவிட இணக்கமான வாசல் இல்லை எனலாம்.

தெரோல்தெகோவின் குடும்பம் பெரியது. சான் மிக்கேலே ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட முடிவுப்படி, போல்ட்சானோ ஊரின் லாக்ரைனும் மொட்சார்ட் புகழ் மார்செமீனோவும் அதன் பிள்ளைகள். ஷிராஸின் தந்தையான துரேசா என்ற பிரெஞ்சுத் திராட்சையும் தெரோல்தெகோவும் உடன்பிறப்புகள் என்று கருதப்படுகின்றன. அப்படியானால் உலகெங்கும் நடப்படும் ஷிராஸுக்கு, தன் வயலைவிட்டு வெளியே அதிகம் போகாத தெரோல்தெகோ பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆகவேண்டும். மார்செமீனோவுக்கு மட்டும் வெளியுலகப் பெயர் உண்டு. 1787இல் ப்ராகாவில் அரங்கேறிய மொட்சார்ட்டின் ‘தோன் ஜொவான்னி’ இசைநாடகத்தில் நாயகன் அந்த ஒயினைக் கேட்டுக் குடிக்கிறான். நாடகத்துக்கு வரி எழுதிய தா போந்தே வெனெட்டோவின் செனெதா ஊரில் பிறந்தவர். மார்செமீனோ விளையும் இசேரா ஊரார் இன்னும் இந்த விளம்பரத்தில்தான் வாழ்கிறார்கள். ஒயின் மென்மையானது, நல்லது, அந்த அளவுக்குப் புகழத்தக்கதல்ல.

மேலும் வடக்கே, ஜெர்மன் பேசும் தென் தீரோலில், ஒரே கொடிக்கு இரண்டு மொழியில் இரண்டு பெயர்: இத்தாலியருக்கு ஸ்கியாவா, ஜெர்மன்காரருக்கு ஃபெர்னாச். பந்தலில் தொங்கும் பெரிய குலைகள், வெளிறிய சிவப்பு, துவர்ப்பு மிகக் குறைவு, பாதாம் போன்ற இளங்கசப்பு. சற்றுக் குளிரவைத்து, புகையிட்ட பன்றி இறைச்சியோடு பகலிலேயே குடிப்பது வழக்கம். ஒரு காலத்தில் அந்த மாகாணத்துத் தோட்டங்களில் பெரும்பகுதி இதுவே. 1980களுக்குப் பிறகு வெள்ளைத் திராட்சைகளுக்காக அதைப் பிடுங்கி எறிந்தார்கள். இந்தக் குடும்பத்தின் ஸ்கியாவா கிரோசா என்ற கிளைக்குத் தமிழ்நாட்டோடு ஓர் உறவு உண்டு. மஸ்கட் ஹாம்பர்க் என்ற திராட்சையின் பெற்றோர் ஸ்கியாவா கிரோசாவும் அலெக்சாந்திரியா மஸ்கட்டும் என்று மரபணு ஆய்வு காட்டியது. அந்த மஸ்கட் ஹாம்பர்க்தான் தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்களில் பன்னீர் திராட்சையாகத் தொங்கி, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரபோசோவின் சினத்தைத் தணிக்க, பழத்தில் ஒரு பங்கை உலரவைத்துச் சேர்க்கும் முறைக்கு 2010இல் மலநோத்தே என்ற பெயரில் மேல்நிலைத் தகுதி கிடைத்தது. லிகூரியாவின் ரொசேசே தி தோல்சேயாக்குவா, எல்லைக்கு அப்பால் ப்ரொவான்ஸில் திபூரேன் என்ற பெயரில் நிற்கும் அதே கொடிதான். மொதெனாவின் லம்ப்ரூஸ்கோ தி சொர்பாராவின் பூவில் மகரந்தம் வேலை செய்வதில்லை. பக்கத்தில் லம்ப்ரூஸ்கோ சலமீனோ நின்றால்தான் காய் பிடிக்கும். அப்போதும் குலையில் பாதி உதிர்ந்துவிடும். மிஞ்சியதில் செறிவும் புளிப்பும் கூடும். உலகம் அறிந்த இனிப்பு லம்ப்ரூஸ்கோவுக்கும் இந்த வெளிர்சிவப்பு நுரைக்கும் பெயரைத் தவிர உறவு அதிகமில்லை.

மரபணு ஆய்வு வந்த பிறகு பெயர்களின் கணக்கு பல இடங்களில் திருத்தப்பட்டது. வெரோனாவில் கொர்வீனாவின் பெருங்காய் வடிவம் என்று நம்பிய கொர்வினோனே வேறு கொடி என்று 1990களில் ஏற்கப்பட்டது. விச்சென்சா அருகே தொக்காய் ரோசோ என்று பெருமையாக வளர்த்தது பிரான்ஸின் கிரெனாஷ் என்று தெரிந்தது. ஹங்கேரியின் தொக்காய் உரிமையால் 2007இல் அந்தப் பெயரையும் விட்டு, தாய் ரோசோ என்று பாதியாக வெட்டிக்கொண்டார்கள். ஜொவான்னி தல்மாசோ 1930களில் நெபியோலோவின் மேன்மையும் பார்பெராவின் விளைச்சலும் ஒன்றாக வேண்டுமென்று இரண்டையும் இணைத்துப் புதிய கொடிகளை உருவாக்கினார். அவற்றில் அல்பரோசா இன்றும் பியட்மாண்டில் நடப்படுகிறது. அவர் எடுத்துக்கொண்ட பெற்றோரின் பெயர் நெபியோலோ தி த்ரொனேரோ. பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அது நெபியோலோவே அல்ல, பிரான்ஸின் ஆர்தேஷ் பகுதியைச் சேர்ந்த ஷத்தூஸ் என்ற கரடுமுரடான, துவர்ப்பு மிகுந்த திராட்சை என்று தெரியவந்தது. சலூட்சோவுக்கு மேலே, ரொவசெந்தா பிரபு தன் மூவாயிரம் கொடிகளை வளர்த்த வெர்சுவோலோவுக்கு அருகிலுள்ள மலைச்சரிவுகளில், அந்த ஷத்தூஸை இன்றும் சிலர் தனியாகப் பிழிந்து ஒயினாக்குகிறார்கள்.